சேப்பாக்கத்துக்குப் போன கட்டுச்சோறு

மலர்க் குழு நண்பர்கள் "இந்தத் தடவை நீயும் ஒரு கட்டுரை கொடுப்பா. ஆனா தயவு செஞ்சு கான்கிரீட், கம்பி எல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று! விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்களான நமக்கு இரண்டு விஷயங்களில் ஈடுபாடு அதிகம். ஒன்று கிரிக்கெட், இன்னொன்று சாப்பாடு. இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன சரித்திரம் எழுதலாம் என்று தோன்றியது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் செட் நண்பர்கள் ஊருக்கு வரும்போது 'டெயில்கேட்டிங்' என்று ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். அங்கே கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து என்பது நம்மூர்த் திருவிழா மாதிரி. (அது கையால் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து.) 1869 நவம்பர் 6-ம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதியதை அதன் முதல் ஆட்டம் என்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பே குடும்பத்தோடு வந்து, வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, சமைத்து, பக்கத்து வண்டிக்காரருக்கும் கொடுத்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்தப் பின்கதவின் பெயர்தான் டெயில்கேட். அதிலும் இப்போது ஏகப்பட்ட விதிகள். இத்தனை மணிக்கு முன்னால் வரக்கூடாது, இந்த இடத்தில் அடுப்பு கூடாது, மைதானத்துக்குள் கண்ணாடி போல உள்ளே தெரிகிற பைதான் வரலாம் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. பழைய மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

"இது நமக்குத் தெரியாததா?" என்று கேட்கத் தோன்றுகிறது. நாம் வண்டியின் பின்கதவைத் திறக்கவில்லை, தூக்குச் சட்டியைத் திறந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்!

ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் சித்ரான்னம், காணும் பொங்கலுக்குக் கடற்கரையில் கட்டுச்சோறு என்பது நம் ஜனங்களின் பழைய பழக்கம். சேப்பாக்கம் மைதானமோ மெரினாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1934 பிப்ரவரியில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி அங்கே முதல் டெஸ்ட் ஆடியது. அதே வருடம் நவம்பர் 4-ம் தேதி சென்னையும் மைசூரும் ஆடிய முதல் ரஞ்சி ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் சேப்பாக்கத்தில்தான். வினு மன்காட் 12 விக்கெட் எடுத்த ஆட்டம் அது. 1956-லிருந்து சில வருடங்கள் டெஸ்ட் ஆட்டங்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டு, 1967 ஜனவரியில் மறுபடி சேப்பாக்கத்துக்கே திரும்பி வந்தன.

இந்த இடத்தில் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1967, 1975, 1980, 1982, 1985, 1988 என்று எத்தனையோ முறை சென்னை டெஸ்ட் ஜனவரி மாதம், பொங்கலை ஒட்டியே வந்தது. அதனால்தான் அதைப் 'பொங்கல் டெஸ்ட்' என்றே சொன்னார்கள். அறுவடை முடிந்திருக்கும், கையில் கொஞ்சம் காசு இருக்கும், பள்ளிக்கூடம் லீவு. நம் பக்கத்திலிருந்து மாமன் மச்சான்களாகச் சேர்ந்து கிளம்ப இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

என் பெரியப்பா 1975-ல் விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்த வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட்டுக்குப் போனவர். அவர் சொல்லக் கேட்டது இது. அகலப்பாதை வருவதற்கு முன், மீட்டர்கேஜ் ரயில் காலம். விழுப்புரத்திலிருந்து எழும்பூர் சுமார் 160 கிலோமீட்டர், திண்டிவனத்திலிருந்து சுமார் 120. விடிகாலை ஆட்டத்துக்குப் போய்ச் சேர முதல் நாள் ராத்திரியே புறப்பட வேண்டும். "டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கிறதே பெரும்பாடு. இதுல ஓட்டல்ல சாப்பிடறதாவது! உங்க பெரியம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து புளிசோறு கிளறிடுவா" என்பார்.

அந்தப் புளிசோற்றை ஒரு இன்ஜினியர் பார்வையில் பார்த்தாலும் ஆச்சரியம்தான். புளியின் அமிலம், உப்பு, மேலே நல்லெண்ணெய் என்று மூன்றும் சேர்ந்து கெட்டுப்போவதைத் தள்ளிப் போடும். தயிர்சோற்றுக்குப் பால் நிறைய ஊற்றி, கொஞ்சமாகத் தயிர் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குள் சரியான பதத்துக்கு வந்து நிற்கும், புளிக்காது. வாழை இலையை அனலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்து வைத்த தொழில்நுட்பம் இது. கொறிப்பதற்கு வறுத்த மல்லாட்டை. மல்லாட்டை என்றால் சும்மாவா? திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த எழுத்துக்கள் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன! ஆகவே சேப்பாக்கத்தில் தோல் உரித்துப் போடப்பட்ட கடலையில் நம் ஊரின் பங்கும் இருந்திருக்கும் என்று தாராளமாக நம்பலாம்.

டெஸ்ட் ஆட்டமும் இந்தச் சாப்பாட்டுக்கென்றே அமைந்தது போல இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர ஆட்டம், நடுவில் 40 நிமிடம் மதிய உணவு, பிறகு 20 நிமிடம் தேநீர். அம்பயர் பெய்லை எடுத்தவுடன் ஸ்டாண்டில் ஆயிரம் டிபன் பாக்ஸ் திறக்கும். முன்பின் தெரியாதவரிடம் "சார், கொஞ்சம் எலுமிச்சங்கா ஊறுகா இருக்கு, எடுத்துக்குங்க" என்று ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் ஊர், உறவு எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்கள். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் 'டை' ஆன டெஸ்ட் ஆகட்டும், 1999 ஜனவரியில் 12 ரன்னில் நாம் தோற்ற பிறகும் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டிய டெஸ்ட் ஆகட்டும், நாலைந்து நாள் ஒன்றாக உட்கார்ந்து, பகிர்ந்து சாப்பிட்டுப் பழகிய கூட்டம் அது. அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் இந்தப் பழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

சரி, அந்த டிபன் பாக்ஸ் வாசலிலேயே நின்றுபோனது எப்படி? ஒரே நாளில் யாரும் உத்தரவு போட்டு நிறுத்திவிடவில்லை. ஒவ்வொரு சம்பவமும் ஒரு கதவைச் சாத்தியது.

முதல் காரணம், வீசி எறிதல். 1996 மார்ச் 13-ம் தேதி கல்கத்தா ஈடன் கார்டனில் உலகக் கோப்பை அரையிறுதியின்போது மைதானத்துக்குள் பாட்டில்கள் பறந்தன. ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கை வென்றதாக அறிவிக்கப்பட்டது. 1999-ல் அதே மைதானத்தில் ரசிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி நாற்காலிகளின் முன் டெஸ்ட்டை முடித்தார்கள். நம் சேப்பாக்கமும் விதிவிலக்கல்ல. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டச் சூழலில் ஐ.பி.எல். ஆட்டத்தின்போது செருப்பு வீசப்பட்டது. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. (ரசிகர்கள் விட்டார்களா? சென்னையிலிருந்து புனேவுக்குத் தனி ரயிலிலேயே போனார்கள்!)

இரண்டாவது, வெடிகுண்டு பயம். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, டிசம்பரில் இங்கிலாந்து டெஸ்ட் பலத்த காவலோடு சேப்பாக்கத்தில் நடந்தது. 387 ரன்னைத் துரத்தி, சச்சின் சதம் அடித்து வென்ற அந்த ஆட்டத்தை யாரும் மறக்க முடியாது. 2010 ஏப்ரல் 17-ல் பெங்களூர் சின்னசாமி மைதானத்தின் வெளியே குண்டு வெடித்தது. அதன் பிறகு மூடிய பாத்திரம் என்றாலே காவலருக்குச் சந்தேகம்தான்.

மூன்றாவது, வியாபாரம். 1987 அக்டோபரில் சேப்பாக்கம் தன் முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டத்தைப் பார்த்தது. அதில் ஒரு ரன்னில் தோற்றோம். 1996-ல் மின்விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் வந்தது. 2008-ல் ஐ.பி.எல். வந்தது. ஆட்டம் மூன்றரை மணி நேரமாகச் சுருங்கியது, உள்ளே உணவு விற்கும் உரிமைக்கும் விலை வந்தது. நான்காவது, குப்பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக்குகளுக்குத் தடை.

இந்தக் காரணங்களில் பெரும்பாலானவை நியாயமானவை. சோதனை போடுபவரின் கஷ்டத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 பேர் வருகிறார்கள், ஒரு பையைத் திறந்து பார்க்க ஆளுக்கு 20 விநாடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 லட்சம் விநாடி. 50 வரிசைகளாகப் பிரித்தாலும் ஒவ்வொரு வரிசைக்கும் 3 மணி 20 நிமிடம் கூடுதல்! வாசலில் கூட்டம் தேங்கினால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூன் 4-ம் தேதி பெங்களூரில் பார்த்தோம். வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்களில் 11 பேர் நெரிசலில் உயிரிழந்தார்கள். ஆகவே "அந்தக் காலத்துல விட்டாங்களே" என்று மட்டும் வாதாடுவது சரியாகாது.

ஆனால் விதியின் பாரம் எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதுதான் என் வருத்தம். திருவல்லிக்கேணிக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நடந்து வருவார், ஆட்டம் முடிந்தால் வீட்டில் போய்ப் படுப்பார். நம்மாள் மதியமே ஊரில் பஸ் ஏற வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஊருக்குள் போக வேண்டும். ஆட்டம் இரவு 7.30-க்குத் தொடங்கி பதினோரு மணிக்கு மேல் முடியும். திரும்பக் கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்து வீடு சேர விடியற்காலை ஆகிவிடும். இடையில் அவர் பையை எங்கே வைப்பார்? எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்? சில வருடங்களுக்கு முன் வெளியூர் மைதானம் ஒன்றின் வாசலில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்தேன். "சர்க்கரை வியாதி தம்பி, ரெண்டு இட்லிதான்" என்று சொல்லியும் பொட்டலத்தைத் தொட்டியில் போடச் சொன்னார்கள். சோற்றைக் குப்பையில் போட நம் ஜனங்களின் கை கூசும். அந்த அம்மாள் ஓரமாக நின்று அவசர அவசரமாக விழுங்கிவிட்டு உள்ளே போனார்.

அமெரிக்காவுக்கும் நமக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கேதான் வருகிறது. அங்கே மைதானத்துக்குள் தடை இருந்தாலும், வெளியே உட்கார்ந்து சாப்பிட ஏக்கர் கணக்கில் இடம் உண்டு. சேப்பாக்கத்திலோ வாலாஜா சாலையின் பிளாட்பாரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? உள்ளேயும் கூடாது, வெளியேயும் இடமில்லை என்றால், கட்டுச்சோற்றோடு வருபவரை "வராதே" என்று சொல்வதாகத்தானே பொருள்?

வழி இல்லாமல் இல்லை. 2023 ஜனவரியில் சினிமா தியேட்டர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது அதன் சாரம். அதே வருடம் அக்டோபரில் உலகக் கோப்பை ஆட்டங்களில் ரசிகர்களுக்கு இலவசக் குடிநீர் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. 2024 ஐ.பி.எல்.லில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் மாநகரப் பேருந்தில் இலவசமாகப் போக முடிந்தது. கேட்டால், யோசித்தால், நடக்கிறது! அதே போல வாசலுக்கு அருகில் டோக்கன் போட்டுப் பை வைக்கும் அறை, கட்டுச்சோறு சாப்பிட நிழலோடு ஒரு இடம், நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி வரிசை ஆகிய இந்த மூன்றும் பெரிய செலவில்லாத காரியங்கள். பாதுகாப்புக்கும் குந்தகம் இல்லை.

பெரிய மைதானங்களுக்கு யோசனை சொல்லும் முன் நம் வீட்டை நாம் ஒழுங்கு செய்யலாம். நம் சங்கத்தின் சந்திப்பு நாளில் பழைய மாணவர்களும் இன்றைய மாணவர்களும் ஆடும் ஆட்டத்தை, இனிமேல் கட்டுச்சோற்று ஆட்டமாக வைத்துக்கொள்வோம். நிபந்தனை இரண்டே இரண்டு. எவர்சில்வர் டப்பாவில் கொண்டு வர வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. கொண்டு வந்ததைத் தெரியாத ஒருவருக்காவது கொடுத்துச் சாப்பிட வேண்டும். மரத்தடி இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, வேறென்ன வேண்டும்? விதி போடும் இடத்தில் நாளை நம்மில் சிலர் உட்காரப் போகிறோம். கட்டிடம் கட்டுபவர்கள், காவல் துறையில் இருப்பவர்கள், அரசு அலுவலர்கள் என்று எல்லோரும் நம் செட்டில் உண்டு. தொலைவிலிருந்து வருபவனின் பசியை மனதில் வைத்து ஒரு வாசலை வடிவமைக்க இங்கே பழகிக்கொண்டால், அது எங்கேயும் உதவும்.

மல்லாட்டை என் பொறுப்பு. ஊறுகாய் கொண்டு வருபவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்!