மேகத்துக்குக் குடிபோன கதை

மேகக் கணிமையைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் அது என்ன என்பதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. ஒரு நிறுவனம் அதற்கு மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது, மாறிய பிறகும் பல நிறுவனங்கள் ஏன் பழையபடியே இருக்கின்றன என்பதை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. இருபது வருடங்களுக்கு மேல் வழங்கிகளோடு, அதாவது நாம் பேச்சில் சர்வர் என்று சொல்லும் இயந்திரங்களோடு, மாரடித்தவன் நான். இந்த மாற்றத்தில் ஒரு தடவை நன்றாகச் சறுக்கியவனும்கூட. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் பெயர். வலையமைப்புப் படம் வரையும்போது, நமக்கு அப்பால் இருக்கிற, உள்விவரம் தேவைப்படாத பகுதியை ஒரு மேகமாகக் கிறுக்கிவிடுவது பொறியாளர்களின் பழைய வழக்கம். அதிலிருந்து வந்தது இந்தப் பெயர். என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர் 'முகில்' என்றுதான் சொல்வார். எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். பழக்கதோஷத்தில் மேகம் என்றே எழுதுகிறேன். உண்மையில் அங்கே இருப்பது யாரோ ஒருவருடைய பிரம்மாண்டமான கட்டடம், அதற்குள் பல்லாயிரக்கணக்கான இயந்திரங்கள். அவற்றில் ஒரு பகுதியை நாம் வாடகைக்கு எடுக்கிறோம்.

வாடகை என்றால் எப்படிப்பட்ட வாடகை? அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய அமைப்பு 2011இல் ஒரு வரையறை வெளியிட்டது. இன்றும் பலரும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். யாரிடமும் கேட்காமல் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம், வலை வழியாக எங்கிருந்தும் அணுகலாம், ஒரே இயந்திரக் குவியலைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், நினைத்தவுடன் கூட்டலாம், குறைக்கலாம், பயன்படுத்தியது அளக்கப்படுகிறது. இந்த ஐந்தும் இருந்தால்தான் மேகம். கடைசி இரண்டையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணம் பழையது. தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுச்சேவையாகக் கிடைக்கலாம் என்று ஜான் மெக்கார்த்தி 1961இலேயே பேசினார். அது கடைச்சரக்காக வந்தது 2006இல். அந்த வருடம் மார்ச்சில் அமேசான் சேமிப்பிடத்தை வாடகைக்கு விட்டது, ஆகஸ்டில் இயந்திரங்களை விட்டது. ஒரு சிறிய இயந்திரத்துக்கு மணிக்குப் பத்து சென்ட்.

இனி நான் சறுக்கிய கதை. அப்போது நான் வேலை பார்த்தது இங்கே கனடாவில் ஒரு நடுத்தரக் காப்பீட்டு நிறுவனத்தில். எங்களுடைய தரவு மையத்தின் குத்தகை முடிய ஒன்றரை வருடம் இருந்தது. மேகத்துக்குப் போய்விடலாம் என்று மேலே முடிவாயிற்று. அவகாசம் குறைவு, ஆகவே இருக்கிறதை இருக்கிறபடியே தூக்கிக்கொண்டு போய் வைப்பது என்று நான்தான் திட்டம் போட்டேன். ஏறத்தாழ முந்நூறு வழங்கிகள். குறித்த நாளுக்குள் முடித்தோம். மேகம் வரைந்த கேக் வெட்டினோம். மூன்றாம் மாதம் நிதிப்பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. செலவு குறையும் என்று நான் எழுதிக்கொடுத்த இடத்தில், முன்பைவிட அதிகமாகியிருந்தது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. சொந்த இயந்திரம் வாங்குகிற காலத்தில், வருடத்தில் மிக நெரிசலான வாரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பெரிதாக வாங்குவோம். வாங்கியபின் அது ஓடினாலும் தூங்கினாலும் ஒரே விலைதான். அதே அளவுகளை அப்படியே வாடகைக்கு எடுத்துவிட்டோம். பரிசோதனைக்கென்று வைத்திருந்த இயந்திரங்கள் வாரத்துக்கு ஐம்பது மணி நேரம் தேவைப்படும். வாரத்துக்கு 168 மணி நேரம் உண்டு. மீதி 118 மணி நேரமும் யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தன. முகில் நண்பர் ஒருநாள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அண்ணை, வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் எல்லா அறையிலயும் லைற் எரியுது? மீட்டர் ஓடுதெல்லோ?" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் சிரிக்கிற விஷயமில்லை.

விளக்கை அணைப்பது சுலபம். அதை இரண்டு மாதத்தில் செய்துவிட்டோம். அடுத்ததுதான் பெரியது. பழைய காலத்தில் ஒரு குழுவுக்குப் புது வழங்கி வேண்டுமென்றால் ஆறு வாரம் ஆகும். படிவம் எழுத வேண்டும், நான்கு பேர் கையெழுத்திட வேண்டும், பிறகு இயந்திரம் வந்து இறங்க வேண்டும். மேகத்தில் இயந்திரம் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். ஆனால் படிவமும் நான்கு கையெழுத்தும் அப்படியே இருந்தன. ஆக ஐந்து நிமிட இயந்திரத்துக்கு எங்கள் மக்கள் ஐந்து வாரம் காத்திருந்தார்கள். புது மென்பொருளை வருடத்துக்கு நான்கு தடவை மட்டும் வெளியிடுவது என்ற வழக்கமும் மாறவில்லை. நிதிப்பிரிவுக்கோ ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாங்கித் தேய்மானம் எழுதித்தான் பழக்கம். மாதம் ஒரு தொகை வருகிற பில்லுக்கு எந்தத் துறை பொறுப்பு என்றே தெரியாமல் இருந்தது.

பிறகுதான் ஸ்டான்ஃபோர்டின் பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990இல் எழுதிய ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. டைனமோவையும் கணினியையும் ஒப்பிட்டது அது. எடிசன் நியூயார்க்கில் மின்நிலையம் திறந்தது 1882இல். ஆனால் 1899இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்குசக்தியில் மின்மோட்டாரின் பங்கு ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. உற்பத்தித் திறனில் அதன் பலன் பெரிதாகத் தெரிந்தது 1920களில். நாற்பது வருடம்!

ஏன் அவ்வளவு காலம்? நீராவிக் காலத்துத் தொழிற்சாலையில் ஒரே ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். அது கூரையை ஒட்டி ஓடுகிற நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். தண்டிலிருந்து தோல்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் ஓட்டும். ஒரு தறி ஓட வேண்டுமென்றாலும் முழுத்தண்டும் சுழல வேண்டும். அதிக சக்தி கேட்கிற எந்திரம் தண்டுக்கு அருகில் நிற்க வேண்டும். வேலையின் வரிசைப்படி வைக்க முடியாது. தண்டை நீட்டிக்கொண்டே போக முடியாதென்பதால் கட்டடத்தை மாடி மாடியாக அடுக்கினார்கள். மின்சாரம் வந்ததும் பல முதலாளிகள் செய்தது, நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தது. தண்டும் பட்டையும் மாடியும் அப்படியே. லாபம் கொஞ்சம்தான். எந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, தண்டைக் கழற்றி எறிந்து, ஒற்றைத்தளக் கட்டடத்தில் பண்டம் நகர்கிற வரிசையில் எந்திரங்களை அடுக்கியபோதுதான் மின்சாரம் தன் வேலையைக் காட்டியது. வாசிக்கும்போது எனக்கு அந்த நான்கு கையெழுத்துப் படிவம்தான் கண்முன் வந்தது.

தண்டைக் கழற்றியவர்களில் எல்லோரும் சொல்கிற உதாரணம் நெட்ஃபிளிக்ஸ். அது தேய்ந்த உதாரணம்தான், ஆனாலும் முழுக்கதையைச் சொல்பவர்கள் குறைவு. 2008 ஆகஸ்டில் அவர்களுடைய தரவுத்தளம் பழுதாகி, மூன்று நாள் டிவிடிகளை அனுப்ப முடியாமல் நின்றுபோனார்கள். அதன்பிறகு அமேசானின் மேகத்துக்குப் போக முடிவெடுத்தார்கள். அமேசானும் பின்னால் திரைப்படச் சேவையில் அவர்களுக்கே போட்டியாக வந்தது தனி வேடிக்கை. மாற்றம் முடிந்தது 2016 ஜனவரியில். ஏழு வருடம் ஏன் என்றால், அப்படியே தூக்கி வைத்தால் பழைய நோய்களும் கூடவே வரும் என்று அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். ஒற்றைப் பெரும் மென்பொருளை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாக உடைத்தார்கள். தரவுகளைச் சேமிக்கும் முறையை மாற்றினார்கள். இயந்திரத்துக்கு வாரக்கணக்கில் காத்திருப்பது, வெளியீட்டை மையமாக ஒருங்கிணைப்பது ஆகிய பழக்கங்களை விட்டார்கள். அந்தந்தக் குழு தானே முடிவெடுத்துத் தானே வெளியிட்டது. வேலை நேரத்தில் ஏதாவதொரு வழங்கியைக் கண்மூடித்தனமாக அணைத்துவிடும் ஒரு நிரலையும் எழுதி ஓடவிட்டார்கள். அதற்குக் குரங்கென்று பெயர். எது எப்போது விழுந்தாலும் சேவை நிற்கக் கூடாது என்ற பழக்கம் பொறியாளர்களுக்கு வர வேண்டும் என்பதற்காக.

அப்படியும் 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வர்ஜீனியாவிலுள்ள அமேசான் தளத்தில் ஒரு பராமரிப்புத் தவறால் நெரிசலைப் பங்கிடும் அமைப்பு பழுதாகி, நெட்ஃபிளிக்ஸும் பல வீடுகளில் நின்றது. பிறகு ஒரே வட்டாரத்தை நம்பாமல் பல வட்டாரங்களில் ஓட்டத் தொடங்கினார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நாம் பார்க்கிற படம் அமேசானிலிருந்து வருவதில்லை. இணைய நிறுவனங்களின் இடத்திலேயே நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தப் பெட்டிகளை வைத்து அங்கிருந்து அனுப்புகிறது. 'எல்லாமே மேகத்தில்' என்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

எல்லோருக்கும் மேகம் லாபமும் இல்லை. டிராப்பாக்ஸ் 2016இல் தன் பயனர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தை அமேசானிலிருந்து சொந்த இயந்திரங்களுக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தது. பங்குச் சந்தைக்கு வந்தபோது 2018இல் தாக்கல் செய்த ஆவணத்தில், இரண்டு வருடத்தில் இயக்கச் செலவு ஏறக்குறைய ஏழரைக் கோடி டாலர் குறைந்ததாகக் காட்டியது. கூடுவதும் குறைவதுமான வேலைக்கு வாடகை நல்லது. நாளும் ஒரே சீராக இருக்கிற, மிகப் பெரிய வேலைக்குச் சொந்த வீடு மலிவாக இருக்கலாம். பாதுகாப்பும் அப்படித்தான். பூட்டு வீட்டுக்காரருடையது, பூட்டுவது நம்முடைய வேலை. கேப்பிட்டல் ஒன் வங்கியின் மேகச் சேமிப்பில் 2019இல் ஒருவர் நுழைந்து சுமார் பத்துக் கோடி அமெரிக்கர்கள், அறுபது லட்சம் கனடியர்கள் பற்றிய விவரங்களை எடுத்தார். வங்கியின் பாதுகாப்புச் சுவரைத் தவறாக அமைத்திருந்ததுதான் வழி. மறுவருடம் எட்டுக் கோடி டாலர் அபராதம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். படிவத்தை ஒழிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. கையெழுத்துக்குப் பதில் ஒவ்வொரு குழுவுக்கும் மாதச் செலவு வரம்பு என்று வைத்தோம். அதற்குள் யாரிடமும் கேட்க வேண்டாம். தாண்டினால் அந்தக் குழுத் தலைவருக்கே பில் போகும். அந்த ஒரு மாற்றத்தால் வந்த சேமிப்பு, நான் செய்த எந்தத் தொழில்நுட்ப வேலையாலும் வரவில்லை. வெளியீடு மாதம் ஒருமுறையாயிற்று, பிறகு வாரம் ஒருமுறை.

ஆனால் முதல் திட்ட அறிக்கையில் நான் எழுதிய இன்னொரு வரியும் இருந்தது. 'சேமிப்பு' என்ற தலைப்பின் கீழ், தரவு மையத்தைப் பார்த்துக்கொண்ட மூன்று பேரின் சம்பளம். நிதிப்பிரிவு கேட்டது, எழுதிக்கொடுத்தேன். ஒருவர் வேறிடம் போனார். ஒருவர் ஐம்பத்தாறு வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு எங்களோடே இருந்தார். மூன்றாமவர், எல்லோரிலும் மூத்தவர், இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஓய்வுபெற்றார்.

அவர் போன அடுத்த குளிர்காலம், ஒரு மாதக் கடைசி இரவு, கணக்கு முடிக்கும் ஓட்டம் பாதியில் நின்றது. மேகத்தில் தூக்கி வைத்த வழங்கிகளில் ஒன்று என்ன செய்கிறதென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஆவணம் கிடையாது. இரவு பதினொன்றரைக்கு அவர் வீட்டுக்கு நான்தான் தொலைபேசினேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். வழங்கியின் பெயரைச் சொன்னதும், எந்தக் கோப்பு எந்த வரிசையில் வர வேண்டும் என்று மனப்பாடமாகச் சொன்னார். இருபது நிமிடத்தில் ஓட்டம் மறுபடி தொடங்கியது. நன்றி சொன்னேன். "மற்ற இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.