கேட்பவரை மாற்றிய எழுத்து: ஸ்ரீவித்யா நடராஜனின் இரு கிராஃபிக் நாவல்கள்

அம்பேத்கரின் கதையைச் சொல்லும் ‘பீமாயணம்’ (2011) பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஓவியத்தில் தொடங்கி ஓவியத்திலேயே முடிகின்றன. பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கட்டங்களை மறுத்துத் திக்னா கோலங்களால் பக்கத்தைப் பிரித்தார்கள், ரயிலைப் பாம்பாக்கினார்கள், கனிவான பேச்சுக்குப் பறவை வடிவக் குமிழும் நஞ்சு தோய்ந்த பேச்சுக்குத் தேள்கொடுக்கு வைத்த குமிழும் தந்தார்கள். இவை பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதிய கதைப் பகுதிக்கு அவ்வாய்வுகள் தரும் இடம் சொற்பம். நூலின் வாசலில் நிற்கும் பேருந்து நிறுத்தக் காட்சி, பிரச்சார நெடி அடிக்கும் ஒட்டுவேலை என்று தள்ளப்படுகிறது. நூலின் வாதமே அந்தக் காட்சியில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

காட்சி எளியது. பெயரில்லாத ஓர் ஆண் வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு பற்றிக் குறைப்படுகிறார். பக்கத்தில் நிற்கும், அவரும் பெயரில்லாத, ஒரு பெண் அவருக்கு அம்பேத்கரின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் 2006இல் நடந்த தலித் குடும்பப் படுகொலையும் அவர் பேச்சில் வருகிறது.

இதன் மூலநூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நடந்த மாற்றம் தெரியும். 1930களின் நடுவில் அம்பேத்கர் எழுதிய ‘வெய்ட்டிங் ஃபார் எ வீசா’ வெளிநாட்டவரை முன்னிறுத்தியே தொடங்குகிறது. தீண்டாமை என்ற ஒன்று உண்டென்று அவர்களுக்குத் தெரியும், அது எப்படி நடக்கிறது என்று தெரியாது என்பதுதான் அந்நூலின் தொடக்கப்புள்ளி. அதனாலேயே அதில் விளக்கம் மிகுதி. பள்ளியில் சிறுவன் பீமன் உட்காரும் சாக்குத்துணி, பியூன் வந்தால்தான் தண்ணீர் என்ற ஏற்பாடு, மசூர் ரயில் நிலையத்தில் சாதி தெரிந்ததும் மாறும் நிலைய அதிகாரியின் முகம், வண்டிக்காரர் ஓட்ட மறுக்கக் குழந்தைகளே ஓட்டிச் சென்ற மாட்டுவண்டி எல்லாமே அறியாதவருக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொல்லப்படுகின்றன.

‘பீமாயணம்’ அந்த வெளிநாட்டவரை எழுப்பிவிட்டு, அவர் இடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரை நிறுத்துகிறது. இவருக்குத் தீண்டாமை என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அவர் தப்பித்துக்கொள்ளும் வழிகளை அடைக்க வேண்டும். கதைக்கு நடுவே வரும் செய்தித்தாள் நறுக்குகளின் வேலை இதுதான். ‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்று அவர் வாய் திறப்பதற்குள், தண்ணீருக்காக அண்மையில் நடந்த ஒரு தாக்குதல் பற்றிய செய்தி வந்து நிற்கிறது. போதனை என்று சொல்லப்படுவது உண்மையில் மறுமொழி. 2013இல் லண்டனில் டேட் பதிப்பகம் இதே நூலை ‘அம்பேத்கர்: தி ஃபைட் ஃபார் ஜஸ்டிஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தபோது அது மீண்டும் வெளிநாட்டவர் கைக்குப் போயிற்று, ஓவியத்தை மட்டும் வியக்கும் வாசிப்புக்கு அந்தப் பயணமும் உதவியிருக்கலாம்.

புதுச்சேரி–விழுப்புரம் சாலையில் திருபுவனைப் பேருந்து நிறுத்தத்தில் இப்பேச்சு நடப்பதாக வைத்துக்கொண்டால் அதன் கூர்மை இன்னும் தெரியும். அவ்வூர் இன்று சட்டமன்றத் தனித்தொகுதி. அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலின் 11ஆம் நூற்றாண்டு ராஜாதிராஜன் காலக் கல்வெட்டோ, வேதம் முதலியன பயின்ற 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் நிலவருவாய் ஒதுக்கப்பட்டதைச் சொல்கிறது. ஒதுக்கீட்டைக் குறைசொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். கதை எழுதியவர்கள் இருவர்; புதுச்சேரியில் வாழ்ந்த எழுத்தாளர் ரவிக்குமாரோடு 2003இல் நவயானா பதிப்பகத்தைத் தொடங்கிய ஆனந்த் வெறும் பதிப்பாளர் அல்லர். பேருந்து நிறுத்தம் யார் யோசனை என்று அந்நூலை மட்டும் கொண்டு தீர்ப்பது கடினம். ஆனால் அதே 2011இல் ஸ்ரீவித்யா எழுத, அபராஜிதா நைனன் வரைந்த ‘எ கார்டனர் இன் தி வேஸ்ட்லேண்ட்’ சான்றாக இருக்கிறது. அதன் மூலம் ஜோதிராவ் புலேயின் ‘குலாம்கிரி’ (1873). அதுவும் வெளியே பார்க்கும் முகம் கொண்டது. அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. உள்ளே ஜோதிராவுக்கும் தோண்டிபாவுக்கும் உரையாடல். ஸ்ரீவித்யா அமெரிக்க ஒப்புமையை விட்டுவிடவில்லை. ஆனால் தாமும் ஓவியருமாக இரு இன்றைய பெண்களைப் பாத்திரங்களாக்கி, புலேயை அவர்கள் பேச்சுக்குள் கொண்டுவருகிறார். ஒரே ஆண்டில் வந்த இரு நூல்களிலும் மூலம் தூரத்து வாசகரை நோக்குகிறது. தழுவல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறது. இதைத் தற்செயல் என்று கொள்வதற்கு இடம் குறைவு.

2011ஐ ஸ்ரீவித்யாவின் வாழ்வில் ஓர் இடைச்செருகலாகப் பார்ப்பதும் சரியன்று. தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற ஸ்ரீவித்யா, சதிரும் பரதமும் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டை 1997இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அளித்தவர். தூலிகா வெளியிட்ட ‘காளி அண்ட் தி ராட் ஸ்னேக்’ சிறுவர் நூலுக்குப் படம் வரைந்தவரும் அவரே. பிறகு ‘நோ ஆனியன்ஸ் நார் கார்லிக்’ (2006) நாவலில் சென்னைப் பல்கலைக்கழக வட்டாரத்துச் சாதிப் பெருமிதத்தைக் கேலி செய்தார். ‘தி அன்டூயிங் டான்ஸ்’ (2018) நாவலில், தேவதாசி மரபில் வந்த மூதாட்டி ராஜாயியின் ஆட்டத்தைப் படம்பிடிக்க நகரத்து நடனக்காரி ஒருத்தி வருகிறாள். மறைத்து வைத்த குடும்பக் கதை அவிழ்கிறது. யாருடைய கலையை, யார், யாருக்காகப் பதிவு செய்கிறார்கள் என்ற கேள்வி ஆய்வேட்டின் களத்திலிருந்து இந்நாவல் வரை தொடர்கிறது. இரு கிராஃபிக் நாவல்களும் அதே கேள்வியின் நடுப்பகுதி.

தேவதாசி மரபு குறித்த ஆங்கில ஆய்வுகள் அந்த 1997 ஆய்வேட்டை மேற்கோள் காட்டுகின்றன. அது பேசுவது தஞ்சையின் கலையை. தமிழ்ப் பல்கலைக்கழகங்களில் ஒன்று அதைத் தமிழில் கொண்டுவர முன்வர வேண்டும்.