தோட்டப் பள்ளியும் பெற்றோரின் நாற்காலியும்

தோட்டங்களில் பள்ளிக்கூடம் வந்த கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய முடிவுகளை யார் எடுத்தார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

1923ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களில் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. 7 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால், தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும் என்றது அச்சட்டம். பள்ளியும் வந்தது. ஆனால் பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். சில இடங்களில் கங்காணியோ கிராணியோதான் அந்த ஆசிரியர்! கட்டடம் துரையுடையது, சம்பளம் கொடுப்பவரும் துரை. ஆகவே முடிவும் அவருடையதாகவே இருந்தது. பெற்றோரை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் மட்டும் அவர்கள் வாய் திறந்திருப்பார்களா? இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு வேலை கொடுத்தவர் துரை. குடியிருந்த லயத்து வீடும் துரையுடையது. அவருடைய கோபத்துக்கு ஆளாகி வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். மூன்றும் ஒரே கையில் இருந்தபோது, பள்ளிக் கூரை ஒழுகுகிறது என்று சொல்வதற்கே பெரிய துணிச்சல் வேண்டும். நம் பாட்டன்மாருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சிலர் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. கூலியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நிர்வாகத்தோடு பேச ஓர் அமைப்பு கிடைத்தது. பள்ளிக்கு வழி பிறந்தது 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையாலும், அடுத்த ஆண்டு வந்த கல்விச் சட்டத்தாலும்தான். தமிழ்ப் பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் சேர்ந்தன. உதவி பெறும் பள்ளிகளுக்கு மேலாளர் வாரியம் என்ற ஏற்பாடு அமைந்தது. ஆனால் பல தோட்டங்களில் வாரியத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் மானேஜர்தான். தொழிலாளி ஒருவர் எதிரே உட்கார்ந்தாலும், காலையில் பிரட்டுக் களத்தில் பார்த்த அதே முகத்தைத்தானே பார்க்க வேண்டும்?

அதே காலத்தில் தோட்டத் துண்டாடலும் வந்தது. தோட்டம் துண்டு துண்டாக விலை போனபோது, குடும்பங்கள் கலைந்தன, பள்ளிகளும் மூடப்பட்டன. 1957இல் 800க்கும் மேலாக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேறு வகை. பள்ளியில் பிள்ளை படித்தாலே தாய் தந்தையர் அதன் உறுப்பினர், ஆசிரியர்களும் உறுப்பினர்கள், தலைமையாசிரியர் அதன் ஆலோசகர். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் 1998இல் இதற்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. பாடத்திட்டமும் ஆசிரியர் மாற்றமும் சங்கத்தின் கையில் இல்லை. பிள்ளைகளின் நலன், பள்ளியின் வசதி, நிதி ஆகியவற்றில் அது பேசலாம், செய்யலாம். ஆண்டுக் கூட்டத்தில் மாலை மரியாதைக்கே ஒரு மணி நேரம் போய், கணக்கு அறிக்கை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுவதையும் நாம் பார்க்கிறோம். காலை நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பால்வெட்டுக்குப் போன தாய்மார் வரவில்லையே என்று குறைப்படுவதிலும் பொருளில்லை.

வேறொரு நாட்டில் இதைவிடத் துணிந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளுக்கு 1988இல் ஒரு சட்டம் வந்தது. 1989இல் பள்ளிதோறும் தேர்தல் நடந்து மன்றம் அமைந்தது. பெற்றோர் 6 பேர், வட்டாரத்தார் 2 பேர், ஆசிரியர் 2 பேர், அவர்களோடு தலைமையாசிரியர். 11 பேரில் பெற்றோரே பெரும்பான்மை! தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அந்த மன்றத்துக்கு இருந்தது. எல்லாப் பள்ளியும் அதனால் உயர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சில இடங்களில் தேர்தலுக்கு நிற்கவே ஆள் கிடைக்கவில்லை.

நம் வாரியத்துக்கோ நிலம் என்ற பெரிய வேலை இருக்கிறது. பள்ளி நிலம் தோட்டத்தின் பெயரில் இருந்தால் அது பகுதி உதவி பெறும் பள்ளியாகவே நின்றது. கட்டடச் செலவுக்கு வாரியமே அலைய வேண்டியிருந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வரும்போது, பள்ளிக்கு மாற்று நிலம் கேட்டுப் பேசப் போகவேண்டியதும் வாரியம்தான். உங்கள் பள்ளி வாரியத்தில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள், நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பவற்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.