எட்னாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை?

எட்னா அழகான பெண். வயது முப்பதை நெருங்குகிறது. அவள் வட்டாரத்துப் பெண்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டது, அல்லது ஆகப்போகிறது. அந்தக் கல்யாணங்களில் எட்னா மணப்பெண்ணின் தோழியாகப் போய் நிற்கிறாள். ஒருமுறைகூட மணப்பெண்ணாக நின்றதில்லை. ஏன்? அவளுக்கே தெரியாது. உயிர்ச் சிநேகிதிகூடச் சொல்ல மாட்டாள்.

எட்னாவுக்கு வாய் நாற்றம். அவ்வளவுதான் விஷயம்!

ரொம்பப் பரிதாபப்படாதீர்கள். எட்னா என்று யாரும் கிடையாது. 1920-களின் நடுவில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த லிஸ்டரின் விளம்பரத்தின் கதாநாயகி அவள்.

வேடிக்கை என்னவென்றால், லிஸ்டரின் பிறந்ததே வாய்க்காக அல்ல. 1860-களில் ஜோசப் லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் டாக்டர், கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைக் கொன்று, ஆபரேஷனுக்குப் பிறகு புண் சீழ்பிடித்துச் சாகிற நோயாளிகளைக் காப்பாற்றிக் காட்டினார். அவர் பெயரைக் கடன் வாங்கி, 1879-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து டாக்டர் ஜோசப் லாரன்ஸ் ஒரு கிருமிநாசினி தயாரித்தார். ஆல்கஹால், யூகலிப்டஸ், மெந்தால், நம்ம ஊர் ஓமத்தில் இருக்கிறதே, அந்தத் தைமால்... இவற்றின் கலவை. ஜோர்டான் லாம்பர்ட் என்ற உள்ளூர் மருந்து வியாபாரி உரிமையை வாங்கினார். காயம் கழுவ, பொடுகு போக என்று எதற்கெல்லாமோ விற்றுப் பார்த்தார்கள். 1895-ல் பல் டாக்டர்களிடம் போனது. 1914-ல் டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. பிழைப்பு ஓடியது. பிரமாதமாக இல்லை.

1920-களின் தொடக்கத்தில் வந்தார் மகன் ஜெரார்டு லாம்பர்ட். சொகுசாக வளர்ந்த பிள்ளை. கடன் கழுத்தை நெரித்த பிறகுதான் கம்பெனிப் பக்கம் எட்டிப் பார்த்தார். இந்தத் தண்ணீரை வேறு எதற்கு விற்கலாம் என்று பேச்சு வந்தபோது, வாய் நாற்றத்துக்குக் கேட்குமா என்று கம்பெனி வேதியியல் நிபுணரை விசாரித்தார். அவர் ஒரு மருத்துவப் பத்திரிகைத் துணுக்கை எடுத்துவந்து நீட்டினார். அதில் ஒரு வார்த்தை: ‘ஹாலிடோசிஸ்.’ 1956-ல் வெளிவந்த சுயசரிதையில் ஜெரார்டே சொல்லும் கதை இது.

‘வாய் நாறுகிறது’ என்று பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. ‘ஹாலிடோசிஸ்’ என்றால் முடியும். அது வியாதி மாதிரி ஒலிக்கிறது இல்லையா? வியாதி என்றால் மருந்து வேண்டும். அந்த வார்த்தையையே லிஸ்டரின்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் எழுதுவார்கள். இல்லை. 19-ம் நூற்றாண்டு மருத்துவப் புத்தகங்களிலேயே அது தூங்கிக்கொண்டிருந்தது. இவர்கள் தட்டி எழுப்பி வேலைக்கு அனுப்பினார்கள்.

நான் பி.காம். படித்தபோது, தேவை இருந்தால் சரக்கு விற்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஜெரார்டு பாடத்தைத் திருப்பிப் போட்டார். சரக்கு ரெடி. தேவையைத் தயாரிக்க வேண்டியதுதான் பாக்கி.

தயாரித்த விதத்தைப் பாருங்கள். உங்கள் மூச்சின் வாசனை உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும், ஆனால் மரியாதைக்காகச் சொல்ல மாட்டார். அப்படியானால் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது! பதவி உயர்வு கிடைக்கவில்லையா? காதலி விலகிப் போகிறாளா? ஒருவேளை... அந்த ‘ஒருவேளை’தான் முதலீடு. 1920-ல் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலராக இருந்த ஆண்டு லாபம், 1927-ல் 40 லட்சத்தைத் தாண்டியது.

ஆசை யாரை விட்டது? அதே லிஸ்டரின் ஜலதோஷத்தையும் தடுக்கும் என்று 1921-லிருந்தே விளம்பரம் செய்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது ஓடியது. கடைசியில் 1975-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் பிடித்துக்கொண்டது. அடுத்து விளம்பரத்துக்குச் செலவழிக்கும் ஒரு கோடி டாலர் தீரும்வரை, ‘லிஸ்டரின் ஜலதோஷத்தையோ தொண்டை வலியையோ தடுக்காது’ என்று கம்பெனியே தன் விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு! கூடவே ‘முந்தைய விளம்பரங்களுக்கு மாறாக’ என்றும் சேர்க்கச் சொன்னார்கள். கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1977-ல் அப்பீல் கோர்ட் அந்த முன்வரியை மட்டும் நீக்கிவிட்டு, மற்றதை உறுதி செய்தது. 1978-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது.

நியாயம் ஜெயித்தது என்று கைதட்டலாம். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஜலதோஷம் பொய் மாட்டியது, ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். எட்னா மாட்டவே இல்லை. வாய் நாற்றம் உலகத்தில் இருக்கிறது, லிஸ்டரின் கிருமியைக் கொல்கிறது, இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நடுவே செருகப்பட்ட ‘உன்னைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியாது’ என்ற பயத்தை எந்த லேபில் சோதிப்பது? எந்தக் கோர்ட்டில் மறுப்பு வாங்குவது?

பொய் சொல்லும் விளம்பரத்தைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. வெட்கத்தை விதைக்கும் விளம்பரத்தை நீங்களேதான் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு கேள்வி போதும்: ‘இந்த விளம்பரத்தைப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால், இந்தக் கவலை எனக்கு இருந்ததா?’

இல்லை என்றால், பொருளை விற்பதற்கு முன்னாலேயே உங்களுக்கு ஒன்றை விற்றுவிட்டார்கள். அதுவும் இலவசமாக!