உப்பு எங்கே போகும்?



நம் போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர் வாங்கலாமா என்பது அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது. குழாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடப்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கை தூக்கும் முன் திருப்பூர் கதையை ஒருமுறை கேளுங்கள்.

தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 1974இல் இயற்றியது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரியில். டெல்லியிலிருந்து நம் ஊருக்கு வர எட்டு வருடம்! ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் வந்தது.

பனியன் துணிக்குச் சாயமேற்ற உப்பு வேண்டும். சாயம் துணியில் பிடிக்கும். உப்பு தண்ணீரோடு வெளியேறிவிடும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவை நிறத்தையும் அழுக்கையும் குறைத்தன, உப்பைத் தொடவில்லை. வங்கியில் பத்து ரூபாய் டேலி ஆகாவிட்டால் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து தேடுவோம். இங்கே டன் கணக்கில் உப்பு, கேட்பாரில்லாமல் நொய்யலில் போயிற்று.

அது போய்த் தேங்கிய இடம் ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் பாசனத்துக்காகக் கட்டியது. சில வருடங்களிலேயே, அணையைத் திறக்காதீர்கள் என்று கேட்டவர்கள் அந்தப் பாசன விவசாயிகளேதான். இப்படி ஒரு கோரிக்கையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சாயக் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வரக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்போதும் நிற்கவில்லை. 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னார்கள். பட்டறையை நம்பிய தொழிலாளிகள் பாடு என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். அதன்பிறகுதான் ஆர்.ஓ., ஆவியாக்கி எல்லாம் முழுமையாக ஓடின. உப்பைத் திரும்ப எடுத்துச் சாயத்துக்கே பயன்படுத்தவும் ஆரம்பித்தார்கள்.

நம் கதைக்கு வருவோம். சாஃப்ட்னரை அடிக்கடி உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். அந்த நீர் நம் எஸ்.டி.பி.க்குத்தான் போகும். அங்குள்ள பாக்டீரியா அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. அதே தண்ணீரைத்தான் தோட்டத்துக்கு விடுகிறோம்.

ஆகவே கொட்டேஷனில் இரண்டு விவரம் எழுதித் தரச் சொல்லுங்கள்: மாதம் எத்தனை கிலோ உப்பு, கழுவிய நீர் எங்கே போகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கை தூக்குவேன்.