கேரி ஆன் என்று ஏன் போட்டார்கள்?

விடாமல் தொடர்வதற்கு ஆங்கிலத்தில் ஏகப்பட்ட வார்த்தைகள். பெர்சிவியர், ஸ்ட்ரகிள் ஆன், கேரி ஆன்... பரீட்சையில் எதை எழுதினாலும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன், 1939-ம் வருட போஸ்டர் கதையைப் படிக்கும்வரை.

ஜெர்மனி குண்டு போடும் என்ற பயத்தில் பிரிட்டன் அரசு மூன்று போஸ்டர்கள் அச்சடித்தது. ஒன்று 'கீப் காம் அண்ட் கேரி ஆன்'. இதில் ஸ்ட்ரகிள் ஆன் என்று போட்டிருந்தால்? திண்டாட்டம்தான் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரி. பெர்சிவியர் என்றால் ஹெட்மாஸ்டர் அறிவுரை. கேரி ஆன் மட்டும்தான் 'பதறாதீங்க, கடையைத் திறங்க, வேலையைப் பாருங்க' என்று சாதாரணமாகப் பேசுகிறது.

வார்த்தை தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு போஸ்டரே சாட்சி. உங்கள் தைரியம், உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி வெற்றி தரும் என்றது அது. யாருக்கு? 'அஸ்' என்று இருந்தது. நம்மிடம் நமக்கு, எங்களுக்கு என்று இரண்டு உண்டு, ஆங்கிலத்தில் இல்லையே! கஷ்டம் உங்களுக்கு, வெற்றி எங்களுக்கா என்று ஜனங்கள் எரிச்சலானார்கள்.

கேரி ஆன் போஸ்டர் சுமார் 24.5 லட்சம் அச்சானது. பெரும் தாக்குதல் வந்தால் ஒட்டலாம் என்று பத்திரப்படுத்தினார்கள். தாக்குதல் வந்தது, ஆனால் அநேகமாக எல்லாம் ஒட்டப்படாமலே கூழாகிவிட்டன (அடப்பாவமே!). 2000-ல் இங்கிலாந்தின் பழைய புத்தகக் கடை ஒன்றில், ஏலத்தில் வாங்கிய பெட்டிக்கு அடியில் ஒன்று அகப்பட்டது. கடைக்காரர்கள் அதை ஃபிரேம் போட்டு மாட்டினார்கள். அப்புறம்தான் டீ கப், டீ-ஷர்ட் எல்லாம்.