திறப்பும் வாயிலும்

தன் வீட்டுக்குக் காவல் வைத்தவனே அவ்வீட்டு வாயிலில் நின்று, தான்தான் வீட்டுக்காரன் என்பதைக் காவலாளி நம்பும்படி சொல்ல முடியாமல் தவிக்கும் காட்சி நாடக மேடையிலே நகைப்பை விளைவிப்பது. மின்னஞ்சற் சேவையகங்களை நிருவகிப்போருக்கோ அது நகைப்புக்குரிய காட்சியன்று. எந்நாளும் நேரக்கூடிய இடர். வேண்டாத அஞ்சல்களை விலக்கி வேண்டியவற்றை உள்ளே விடும் வடிகட்டியைத் திருத்துவதற்கு நிருவாகி ஒருவர் அமருகின்றார். தமது பெயரையும் கடவுச்சொல்லையும் பிழையின்றி எழுதுகின்றார். சேவையகம் ஏற்க மறுக்கின்றது. அதே பெயரும் அதே சொல்லும் அவருடைய அஞ்சற்பெட்டியைத் திறக்கின்றன. வடிகட்டியின் வாயிலை மாத்திரம் திறக்கவில்லை. இதற்கிடையில் வடிகட்டியிலுள்ள பிழையான விதியொன்று நல்ல கடிதங்களையும் குப்பைக்குள் தள்ளிக்கொண்டேயிருக்கின்றது. வேலைக்கு விண்ணப்பித்த இளைஞனுக்கு வந்த நேர்முக அழைப்பும் அதற்குள்ளே கிடக்கலாம். அனுப்பியவர் கடிதம் சேர்ந்துவிட்டதென்று எண்ணியிருப்பார். பெறவேண்டியவர் கடிதமே வரவில்லையென்று எண்ணியிருப்பார்.

சரியான திறப்பு வாயிலைத் திறக்கவில்லையென்றால் பிழை எங்கே இருக்கின்றது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வளர்ந்த வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும். இன்றைய சேவையகம் ஒரே நாளில் ஒருவர் கட்டிய மாளிகையன்று. ஒவ்வொரு தலைமுறையினரும் தத்தம் காலத்து அச்சத்துக்கேற்ப ஒவ்வொரு மதிலை எழுப்பிய பழைய கோட்டை அது.

கணினியிலே கடவுச்சொல்லின் கதை 1961ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் தொடங்குகின்றது. பெர்னாண்டோ கோர்பற்றோவும் அவருடைய குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறையை அங்கே அமைத்தனர். பொறி ஒன்று, பயன்படுத்துவோர் பலர் என்ற நிலை வந்ததும், ஒருவருடைய கோப்பை மற்றொருவர் தொடாதபடி காக்கவேண்டியதாயிற்று. அதற்கென ஆளுக்கொரு மறைசொல் வழங்கப்பட்டது.

திறப்பு பிறந்தவுடனே திருட்டும் பிறந்தது. 1962ஆம் ஆண்டிலே, தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாதென்று கண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பினை அச்சிட்டுப் பெற்றுக்கொண்டார். அதே தசாப்தத்தின் நடுப்பகுதியில் மற்றொரு விபத்து நேர்ந்தது. நாள்தோறும் உள்நுழைவோருக்குக் காட்டப்படும் வரவேற்புச் செய்தியும் கடவுச்சொற் கோப்பும் தற்செயலாக இடம்மாறிப்போயின. உள்நுழைந்தோர் அனைவருடைய கண்முன்னும் அனைவருடைய மறைசொற்களும் வரிசையாகத் தோன்றின. திறப்புகளையெல்லாம் ஒரே பெட்டியில் உள்ளபடியே வைத்திருப்பது பேராபத்து என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தின.

இப்பாடத்தை முறைப்படி செயலாக்கியோருள் முதன்மையானவர் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவர். யுனிக்ஸ் முறைமையின் அநுபவத்தைக்கொண்டு அவர்கள் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனை. கடவுச்சொல்லை உள்ளபடியே சேமித்து வைத்தலாகாது. அதனை ஒருவழியாக உருமாற்றி, அந்த உருவை மாத்திரமே வைத்தல் வேண்டும் என்பது அவர்களுடைய முறை. மாவை அரைத்த பின் அரிசியாக்க முடியாதவாறுபோல, அவ்வுருவிலிருந்து மூலச்சொல்லைத் திரும்பப் பெற இயலாது. உள்நுழைபவர் சொல்லை எழுதும்போது அதையும் அவ்வாறே உருமாற்றி, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தாற் போதும். ஒரே சொல்லை இருவர் தெரிந்தெடுத்தாலும் அதன் உரு வேறுபடும்படி ஒவ்வொன்றுடனும் சிறிது "உப்பு" சேர்க்கும் வழக்கமும் அக்கட்டுரையினாற் பரவியது.

இனி அஞ்சலின் கதைக்கு வருவோம். மேலே சொன்ன மசச்சூசெற்ஸ் கணினியிலேயே 1965ஆம் ஆண்டு ரொம் வான் விளெக், நோயெல் மொறிஸ் என்ற இருவர், ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி விட்டுச்செல்லும் வசதியை எழுதினர். 1971ஆம் ஆண்டில் றே ரொம்லின்சன் ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு அஞ்சல் செல்லச் செய்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் இடையில் இட்ட சிறு குறியே இன்று உலகெங்கும் மின்னஞ்சல் முகவரிகளில் நிற்பது.

அக்காலத்து வலையமைப்பு ஒரு சிறு கிராமம் போன்றது. ஏறக்குறைய எல்லோரும் எல்லோருக்கும் அறிமுகமானவர்கள். எனினும் தூரநோக்குடையோர் அப்போதே கவலை கொண்டனர். வேண்டாத செய்திகளை அனுப்பும் கணினியொன்றை மற்றொரு கணினி தெரிந்து விலக்குவதற்கு வழியில்லை என்பதை ஜோன் போஸ்ரெல் 1975ஆம் ஆண்டிலே ஒரு குறிப்பிற் சுட்டிக்காட்டினார். மூன்றாண்டுகள் கழியுமுன் அக்கவலை மெய்யாயிற்று. 1978ஆம் ஆண்டு மே மாதத்தில் கணினிக் கம்பனியொன்றின் விற்பனையாளர், புதிய பொறிகளை விளம்பரஞ்செய்து ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினார். அதுவே வணிகக் குப்பை அஞ்சலின் தொடக்கம் எனப் பலரும் குறிப்பர்.

அந்தப் போஸ்ரெலே 1982ஆம் ஆண்டில் அஞ்சலைக் கொண்டுசெல்லும் நெறிமுறையை வகுத்தளித்தார். அதிலே அனுப்புபவர் யாரென்று உறுதிசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லை. எவருடைய கடிதத்தையும் எந்தச் சேவையகமும் வாங்கி அடுத்த இடத்துக்குக் கைமாற்றிவிடுவது அன்று நல்ல அயலவரின் பண்பாகக் கருதப்பட்டது. 1990களில் வலையமைப்பு பொதுமக்களுக்கும் வணிகருக்கும் திறந்துவிடப்பட்டபோது அப்பண்பே ஆபத்தாயிற்று. குப்பை அஞ்சல் அனுப்புவோர் திறந்து கிடந்த சேவையகங்களைத் தம் சுமைதாங்கிகளாக்கிக்கொண்டனர். 1998ஆம் ஆண்டில் சென்ட்மெயில் என்னும் பெயர்பெற்ற அஞ்சல் நிரலின் புதிய பதிப்பு, பிறருடைய அஞ்சலைக் கைமாற்றுவதை இயல்பாகவே மறுக்கத் தொடங்கிற்று. 1999ஆம் ஆண்டில், அஞ்சல் அனுப்புபவர் தம்மை மெய்ப்பித்துக் காட்டும் முறையும் நியமமாக்கப்பட்டது.

வாயிலைக் காத்தல் ஒருபுறமிருக்க, உள்ளே வந்ததைப் பகுத்துப் பிரித்தல் இன்னொரு பணி. 1990ஆம் ஆண்டிலே தோன்றிய புறொக்மெயில் என்ற நிரல் அதனைத் திறம்படச் செய்தது. ஆயினும் அதனைப் பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் சேவையகத்தின் உள்ளேயே இடங்கொடுக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் நிறுவனத்தில் ஒவ்வொருவரையும் இயந்திர அறைக்குள் விடுதல் எங்ஙனம் தகும்? ஆகவே, வெளியிலிருந்தே விதிகளை எழுதி அனுப்பக்கூடியதும், சேவையகத்துக்குத் தீங்கு செய்ய இயலாததுமான சிறு மொழியொன்று வேண்டப்பட்டது. ரிம் ஷோவால்ரர் எழுதிய சீவ் என்னும் மொழி 2001ஆம் ஆண்டில் அவ்வாறு வெளிவந்தது. சீவ் என்பதற்கு அரிதட்டு என்று பொருள். முடிவின்றிச் சுழலும் கட்டளைகளை எழுத முடியாதபடி அம்மொழி வேண்டுமென்றே எளிமையாக அமைக்கப்பட்டது.

அவ்வரிதட்டின் விதிகளைச் சேவையகத்தில் ஏற்றவும் மாற்றவும் தனியொரு வாயில் வேண்டும். மனேஜ்சீவ் எனப்படும் அந்நெறிமுறை பல ஆண்டுகள் வழக்கிலிருந்த பின்னர் 2010ஆம் ஆண்டிலேதான் நியமமாக எழுதப்பட்டது. அஞ்சற்பெட்டிக்கு ஒரு வாயில், வடிகட்டிக்கு வேறொரு வாயில் என்றானதே முதலிற் கூறிய புதிரின் அடிப்படை. இரண்டு வாயில்களுக்கும் திறப்பு ஒன்றாயிருக்கலாம். அத்திறப்பைக் காட்டும் முறை ஒன்றாயிருக்க வேண்டுமென்பதில்லை.

இவ்வரலாற்றை அறிந்த நிருவாகி, திறப்பைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிரார். வாயிலின் ஒவ்வொரு படியையும் முறையே சோதிப்பார். தட்டுவது சரியான கதவைத்தானா என்பது முதற் கேள்வி. மனேஜ்சீவ் பழைய நாளில் 2000 என்னும் இலக்க வாயிலிற் கேட்டுக்கொண்டிருந்தது. நியமம் அதற்கு 4190 என்னும் இலக்கத்தை வழங்கிற்று. ஒரு பக்கம் பழையதையும் மறுபக்கம் புதியதையும் பற்றி நின்றால் கடவுச்சொல் கேட்கப்படும் நிலைக்கே எவரும் வரமாட்டார்.

இரண்டாவது, மௌனத்தால் விளையும் இடர். பேச்சைப் பிறர் ஒட்டுக்கேளாதபடி இரு பொறிகளும் மறைகுறி முறைக்கு மாறிய பின், தன்னால் இயன்றவை எவையென்று சேவையகம் மீண்டும் ஒருமுறை சொல்லவேண்டும் என்பது நியமம். சில பழைய சேவையக நிரல்கள் அவ்வாறு சொல்லாமல் கேள்வியை எதிர்பார்த்திருந்தன. மறுமுனையோ சேவையகம் பேசட்டுமென்று காத்திருந்தது. விருந்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மற்றவர் முதலிற் கைவைக்கட்டுமென்று இருவரும் பட்டினி கிடந்த கதைதான் அது. பார்ப்பவருக்கு உள்நுழைவு தவறிவிட்டதென்றே தோன்றும்; உண்மையிலே அது தொடங்கவேயில்லை.

மூன்றாவது இடரே மிக நுட்பமானது. 1990களில், கடவுச்சொல்லைக் கம்பி வழியே அனுப்பாமல், சேவையகம் விடுக்கும் புதிரொன்றுக்கு அச்சொல்லைக்கொண்டு விடை கணித்து அனுப்பும் முறை பரவியது. வழியிற் கேட்பவனுக்குச் சொல் அகப்படாது, நல்ல ஏற்பாடு. ஆனால் விடை சரியோவென்று பார்க்க, சேவையகத்திடமும் மூலச்சொல்லோ அதற்கு ஈடான ஒன்றோ இருத்தல் வேண்டும். 1979ஆம் ஆண்டின் அறிவுரைப்படி உருமாற்றிய சொல்லை மாத்திரம் வைத்திருக்கும் சேவையகம் அவ்விடையை எங்ஙனம் சரிபார்க்கும்? முடியாததைச் செய்வதாக அது அறிவித்துவிட்டால், சரியான கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் தவறென்றே தள்ளப்படும். அஞ்சற்பெட்டியின் வாயில் மறைகுறிக்குள்ளே சொல்லை நேராக வாங்கிக்கொள்வதால் அங்கே இடரில்லை. வடிகட்டியின் வாயிலிற் புதிர்முறை தெரிந்தெடுக்கப்பட்டதால் அங்கே மறுப்பு. திருட்டுக்கு அஞ்சி எழுந்த ஒரு மதிலும் ஒட்டுக்கேட்புக்கு அஞ்சி எழுந்த மற்றொரு மதிலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன என்பதே இதன் பொருள். இரண்டையும் இணக்கும் புதிய முறையும் 2010ஆம் ஆண்டில் நியமமாயிற்று. ஆயினும் பழைய உருக்களை அதற்கேற்ப மாற்ற இயலாதாகையால், பயன்படுத்துவோர் தம் சொல்லைப் புதிதாக அமைக்கவேண்டியிருக்கும்.

வேறு காரணங்களும் உள. ஒரே சேவையகம் பல நிறுவனங்களுக்குப் பணிசெய்யுமிடத்து, பெயரை மட்டும் எழுதினாற் போதாது. 1971ஆம் ஆண்டின் அச்சிறு குறியோடு கூடிய முழு முகவரியும் வேண்டும். மசச்சூசெற்ஸ் கழகத்திற் பிறந்த கெர்பெறோஸ் என்ற மெய்ப்பித்தல் முறையைக் கையாளுமிடங்களில், இரு பொறிகளின் கடிகாரங்களும் வழமையாக ஐந்து நிமிடங்களுக்கு மேல் வேறுபட்டாற் கதவு திறவாது.

இவற்றுள் எது காரணமென்பதைத் திரையில் தோன்றும் மறுப்புரை சொல்வதில்லை. பெயர் தவறா, சொல் தவறா என்று வெளியாருக்கு விளக்கினால் அது கள்வனுக்கு வழிகாட்டியதாகும். ஆகவே காவலாளி வெளியே சுருக்கமாகவே பேசுவான். விரிவான காரணத்தை உள்ளேயுள்ள பதிவேட்டில் எழுதிவைப்பான். கதவைத் தட்டிக் கைசோர்ந்த நிருவாகி முதலில் நாடவேண்டியது அப்பதிவேட்டையே.

இவ்விடத்திலேதான் பெரிய சோதனை ஒன்று காத்திருக்கின்றது. மறைகுறியை நீக்கிவிட்டாற் கதவு திறக்கும். கடவுச்சொல்லை மூலவடிவிற் சேமித்தாலும் கதவு திறக்கும். அவசரத்தில் அவ்வாறு செய்பவர், இடர் தீர்ந்ததென்று மகிழ்ந்து அதனை மறந்தும்போவார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக அது முடியும். 1962ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட அந்தக் கோப்பும், 1990களிற் குப்பை சுமந்த அத்திறந்த சேவையகங்களும் அதற்குச் சான்றுகள். கடவுச்சொல் தள்ளப்பட்டதற்குக் காரணம் மதில்கள் மிகையென்பதன்று. அவை எப்போது, எதற்காக எழுப்பப்பட்டன என்பது மறக்கப்பட்டதே. அதனை அறிந்தவர் ஒரு கல்லையும் பெயர்க்காமலே வாயிலைத் திறந்து, அரிதட்டின் பிழையான விதியையும் திருத்திவிடுவார். குப்பைக்குள் கிடந்த நேர்முக அழைப்பும், நாள் கடந்துபோகுமுன், உரியவனுடைய கையைச் சென்றடையும்.